ஒன்பது நிமிடக் கிங்ஸ்டன்

"டி.வி.யைத் தொடலை. லேப்டாப்பைத் தொடலை. இதை மட்டும் எடுத்திருக்கான். அப்போ அவனுக்கு ரசனை இருக்கு. எனக்குத் தெரிஞ்சு ரசனை உள்ள ஒரே திருடன் ஸ்ரீவத்சன்தான்" என்றான் கோகுல்நாத்.

"ரசனையை வெச்சு ஆளைப் பிடிக்கிறதுன்னா எங்க அபார்ட்மென்ட் சொசைட்டியில ஒருத்தர்கூட மாட்ட மாட்டாங்க" என்றாள் ப்ரீதி.

கிரிஜா தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு 'வாயை மூடு' என்று பொருள். ப்ரீதி அதை 'நன்றாகச் சொன்னாய்' என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

கிரிஜா வங்கி ஒன்றின் விஜிலென்ஸ் பிரிவில் பல வருடம் மேனேஜர்களின் தூக்கத்தைக் கெடுத்தவள். இப்போது புனேயின் வானவடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்துத் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாள். ப்ரீதி புனேயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழைப் பஸ் போர்டு அளவுக்குத்தான் படிப்பாள். பேசுவதில் அந்தக் குறை இல்லை.

இருவரும் ஸ்கூட்டரில் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, நிக்டிக்கு, வந்திருந்தார்கள். வரவழைத்தது கோகுல்நாத் அல்ல. அவன் தங்கை தேஜஸ்வினி. அவள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஸ்ரீவத்சன் அவளுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை. அடுத்த மாதம் கல்யாணம். நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே அண்ணனின் இசைத்தட்டு காணாமல் போனது. 'மாப்பிள்ளைதான் திருடன். அவனுக்கும் உனக்கும் நடுவில் நின்று நான் பொரி இட மாட்டேன்' என்று அண்ணன் அறிவித்துவிட்டான். 'பெண்ணோட அண்ணன் பொரி இடாம என்ன கல்யாணம்? ஞாயித்துக்கிழமைக்குள்ள இதைத் தீர்த்துடுங்கோ. இல்லேன்னா சம்பந்தி ஆத்துக்கே போய்த் தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்லிட்டு வந்துடறேன்' என்று அப்பா சுந்தரராமன் சொல்லிவிட்டு, தன் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்று சனிக்கிழமை.

"தள்ளி வைக்கறதுன்னா எங்க அப்பா அகராதியில நிறுத்தறதுன்னு அர்த்தம் மேடம்" என்றாள் தேஜஸ்வினி. "மாடிக்குப் பெயின்ட் அடிக்கிறதை ஒரு தடவை தள்ளி வெச்சார். நான் அப்போ நாலாங்கிளாஸ்."

கிரிஜா அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று சுவரிலும் இசைத்தட்டுகள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் அறையில் மின்விசிறிதான் என்பதை வரும்போதே கவனித்திருந்தாள்.

"காணாமப் போனது என்னன்னு எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

கோகுல்நாத் இதற்காகவே காத்திருந்தவன் போல நிமிர்ந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறவன், சம்பளம் வாங்குவது ஜமைக்காவுக்காக.

"ஹார்பர் ஸ்டோன்ஸ்னு ஜமைக்காவில ஒரு ரெகே இசைக்குழு. 'நோ பஸ் டு கிங்ஸ்டன்'னு ஒரு பாட்டு."

"நம்ம ஊர்லயும் பஸ் இல்லை. நாம எங்க பாடறோம்? ஸ்கூட்டர் வாங்கிக்கறோம்" என்றாள் ப்ரீதி.

"சின்னத் தட்டில வந்தபோது பாட்டு மூணு நிமிஷம். அப்புறம் பெரிய தட்டில நீட்டி வந்தது. முன்பக்கம் பாட்டு. பின்பக்கம் பாடறவன் கிடையாது. பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் ட்ரம்பெட்டும் எதிரொலியும் மட்டும், ஏழு நிமிஷம். பெரிய தட்டுன்னாலும் நாற்பத்தஞ்சு வேகத்திலதான் சுத்தும். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. அதனால சத்தம் அகலமா, ஆழமா வரும்."

"அவ்வளவு பெரிய தட்டில ஒரே பாட்டா? மூணு பெட்ரூம் வீட்டை வாங்கிட்டு பால்கனியில படுக்கற மாதிரி இல்ல?"

கோகுல்நாத் அவளைக் கவனிக்காமல் சி.டி. ஒன்றை எடுத்து மெஷினில் வைத்தான். "இது சமீபத்தில மறுபடி வெளியிட்டது. ஒரிஜினல்னு அட்டையில போட்டிருக்கான். பொய். சின்னத் தட்டிலேர்ந்து துண்டு துண்டா எடுத்து ஒட்டி நீட்டியிருக்கான். ட்ரம்பெட்டைக் கேளுங்க."

கேட்டார்கள். ட்ரம்பெட் மேலே மேலே ஏறி, சட்டென்று நின்றது. அடுத்த கணம் ஒன்றும் நடக்காதது போல ட்ரம்ஸ் தொடர்ந்தது.

"செத்துட்டானா?" என்றாள் ப்ரீதி.

"ஒட்டிட்டான். என் தட்டில அந்த மூச்சு முழுசா இறங்கி வரும். இந்தியாவிலேயே என்கிட்டதான் இருக்கு. கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அடிச்ச பிரதி. நடுவில எழுத்தே இல்லாத வெள்ளை லேபிள். சனிக்கிழமை ஆனா எனக்கும் ஸ்ரீவத்சனுக்கும் ஒரு விளையாட்டு. ஒருத்தர் சுவரைப் பார்த்து உட்காரணும். இன்னொருத்தர் தட்டோ சி.டி.யோ போடணும். உட்கார்ந்தவர் எதுன்னு சொல்லணும்."

"மூச்சு நிக்கிற இடத்தில தெரிஞ்சுடுமே" என்றாள் கிரிஜா.

"அதுக்கு முன்னாடி சொல்லணும்."

தேஜஸ்வினி கண்ணை உருட்டினாள். "நான் இந்த ரெண்டு பேருக்கும் நடுவில வந்தவ மேடம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்னிக்கு அவர் என்னைப் பார்த்தது அஞ்சு நிமிஷம். மீதி நேரம் இந்த ரூம்."

"நிச்சயத்தன்னிக்கும் இந்த ரூம்லதான் தனியா இருந்தான்" என்றான் கோகுல்நாத். "அடுத்த நாள் எங்க குரூப்ல எழுதறான், கடைசியில சி.டி.தான் தேவலைன்னு, தட்டே வேண்டாதவன் மாதிரி. தட்டு காணோம்னு நான் அலறினப்போ ஒரு வார்த்தை பேசலை. எடுத்தியாடான்னேன். இல்லைன்னான். வேற யாரு எடுத்திருப்பான்னேன். தலையைக் குனிஞ்சுண்டான். அது போதாதா?"

"போதாது. வேற என்ன இருக்கு?"

கோகுல்நாத் செல்போனை நீட்டினான். ரெகே பைத்தியங்களின் உலகக் குழுவில் சில நாளாக ஓர் ஒலிப்பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியாது. யாரோ யாருக்கோ அனுப்பி, கை மாறி வந்தது. 'நோ பஸ் டு கிங்ஸ்டன், இதுவரை யாரும் கேட்டிராத நீண்ட வடிவம்.' ஒன்பதரை நிமிடம் ஓடியது. கீழே பாராட்டுகள் குவிந்திருந்தன. லண்டன்காரர் ஒருவர் அழுதேன் என்று எழுதியிருந்தார். பெர்லின்காரர் ஒருவர் தன்னிடமுள்ள சி.டி.யை உடைத்து, படம் எடுத்துப் போட்டிருந்தார்.

கிரிஜா போட்டுக் கேட்டாள். பூமிக்கடியில் யாரோ அண்டாவை உருட்டுவது போல பேஸ் நகர்ந்தது. ட்ரம்பெட் யானையின் கொட்டாவி போல வந்தது. அதன் பின்னே 'டிக்' என்று ஒரு சத்தம்.

"அந்த டிக் என் தட்டோட கீறல். என் குழந்தையோட மச்சம் எனக்குத் தெரியாதா? இதோட நிறுத்திட்டேன். மேல கேக்க மனசு வரலை. நான் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டு இழுத்து, வேகத்தைக் குறைச்சு விட்டிருக்கான். சாஃப்ட்வேர் புத்தி."

"நீங்களும் சாஃப்ட்வேர்தானே?"

"அதனாலதான் சொல்றேன்."

"கடைசி வரைக்கும் கேட்டது யாரு?" என்று கேட்டாள் கிரிஜா.

யாரும் கேட்கவில்லை. கிரிஜா கேட்டாள். பேஸ் தேய்ந்து, எதிரொலி அடங்கி, ஊசியின் சரசரப்பு மட்டும் மிஞ்சியபோது பின்னணியில் மிக லேசாக ஒரு பெண்குரல் வந்தது. மராத்தியில் தெளிவாக, கறாராக, லோணாவ்ளா செல்லும் லோக்கல் ரயில் சிறிது நேரத்தில் வரும் என்றது.

கிரிஜா அந்த இடத்தை மறுபடி போட்டாள்.

"ப்ரீதி, இந்தக் குரல் எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான் அக்கா. அந்தம்மா கரெக்டா பேசுவாங்க. ரயில்தான் லேட்டா வரும்."

"அதேதான். பாட்டைக் கம்ப்யூட்டர்ல இழுத்திருந்தா இந்தம்மாவையும் சேர்த்துத்தானே இழுத்திருக்கணும்? இவங்களும் யானை மாதிரி கொட்டாவி விட்டிருக்கணும். இவங்க சரியா பேசறாங்க, பாட்டு மட்டும் நத்தை. அப்போ கம்ப்யூட்டர்ல ஒண்ணும் நடக்கலை. மெஷின்ல தட்டே மெதுவாத்தான் ஓடியிருக்கு. யாரோ பக்கத்தில போனை வெச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க."

கோகுல்நாத்தின் வாய் திறந்தது. "முப்பத்திமூணு" என்றான். ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்வது போலச் சொன்னான்.

"நம்ம ஊர்ல பெரிய தட்டுன்னா முப்பத்திமூணு வேகம்தான்" என்றாள் கிரிஜா. "சின்னத் தட்டுதான் நாற்பத்தஞ்சு. அப்படியே பழகின ஒருத்தர் வீட்டுல இந்தப் பெரிய தட்டு கிடைச்சா முப்பத்திமூணுலதான் போடுவாங்க. ஏழு நிமிஷம் ஒன்பதரை ஆகும். நடுவில எழுத்தே இல்லாத லேபிள், யாரும் திருத்தவும் மாட்டாங்க. சொல்லுங்க, ஸ்ரீவத்சன் இதை முப்பத்திமூணுல போடுவாரா?"

"கையை வெட்டிப்பான்" என்றான் கோகுல்நாத், தன்னை மறந்து.

"அந்த லண்டன்காரர் அழுதது?" என்றாள் ப்ரீதி.

"ஸ்பீடு தப்பு" என்றாள் கிரிஜா. "கண்ணீர் நிஜம்தான்."

தேஜஸ்வினியின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. லோணாவ்ளா லைனில் ஸ்டேஷன் சத்தம் கேட்கும் வீடு, பழைய மெஷின் உள்ள வீடு எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது.

"தளேகாவ்" என்றான் அவன். "ஸ்ரீவத்சனோட அம்மா, பாலாம்பாள் மாமி. ஸ்டேஷனுக்குப் பின்னாடி வீடு, அந்தக் காலத்துப் பெட்டி மெஷின். வானவடியில தன்னோட ஃப்ளாட்ல வெச்சா மாட்டிப்போம்னு அம்மாகிட்ட ஒளிச்சு வெச்சிருக்கான். நான் சொன்னேனா இல்லையா?"

கிரிஜாவால் உடனே மறுக்க முடியவில்லை. மாப்பிள்ளையைக் காப்பாற்றப் போய் அவன் அம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

அவள் எழுந்து அலமாரி அருகே போனாள். "எங்க வெச்சிருந்தீங்க?"

"இங்கதான். ஷெல்ஃப்ல."

அவன் காட்டிய பழுப்பு நிற உறை வெறுமையாக நின்றது. கிரிஜா அதை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"உறையை விட்டுட்டுப் போயிருக்காரே. இவ்வளவு ரசனை உள்ள திருடன் தட்டை மட்டும் அம்மணமா எடுத்துட்டுப் போவாரா? நீங்க போவீங்களா?"

கோகுல்நாத்தின் காது சிவந்தது. "அவசரத்தில..." என்றான்.

"சரி" என்றாள் கிரிஜா.

அவள் 'சரி' என்று சொன்னால் எதுவும் சரியில்லை என்று ப்ரீதிக்குத் தெரியும். துப்பட்டாவைக் கொள்ளைக்காரி போல முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

* * *

தேஹு ரோடு தாண்டி, ஷிஃப்ட் முடிந்த தொழிற்சாலை பஸ்களுக்கு நடுவில் நுழைந்து, தளேகாவ் ஸ்டேஷனின் பின்பக்கச் சந்தில் ப்ரீதி வண்டியை நிறுத்தினாள். முகவரி தேடத் தேவைப்படவில்லை. சந்து முனையிலேயே அண்டா உருளும் சத்தம் கேட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கூடத்தில் பாயை விரித்து, பெண்கள் கண்ணை மூடிச் சப்பணமிட்டு அமர்ந்திருந்தார்கள். மூலையில் மேஜைமேல் பெட்டி போன்ற ரிக்கார்டு மெஷின். தட்டு சாவகாசமாகச் சுற்றியது. அதன் பக்கத்தில் நாற்காலியில் மெலிந்த, நிமிர்ந்த ஒரு அம்மாள். பட்டுப்புடவை நிறத்தில் சுடிதார்.

"ஷ்வாஸ் க்யா" என்றார் அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமல். "ஹளூ ஸோடா." மூச்சை இழுத்து மெல்ல விடச் சொன்ன அதே மராத்தியில் தொடர்ந்தார்: "புதுசா வந்தவா பின்னாடி உட்காருங்கோ. செருப்பு வெளியில."

உட்கார்ந்தார்கள். பேஸ் தரை வழியாக ஏறி முதுகெலும்பைத் தொட்டது.

"அக்கா, பேய் பல் தேய்க்கிற மாதிரி இருக்கு" என்று கிசுகிசுத்தாள் ப்ரீதி.

"கண்ணை மூடு."

"மூடினா பக்கத்தில வந்து தேய்க்குது."

ட்ரம்பெட் வந்தது. 'டிக்' வந்தது. கிரிஜா ஒரு கண்ணைத் திறந்து மெஷினைப் பார்த்தாள். வேகத்தை மாற்றும் குச்சி முப்பத்திமூன்றில் நின்றது. தட்டின் நடுவில் வெள்ளை லேபிள். நிச்சயமாக இது காணாமல் போன தட்டுதான். மாப்பிள்ளையின் அம்மா வீட்டில்தான் இருக்கிறது. நாளைக் காலை சுந்தரராமனிடம் இதை மட்டும் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும்.

வகுப்பு முடிந்து பெண்கள் கலைந்தார்கள். ஷீலா என்ற மராத்திக்காரப் பெண் போகிற போக்கில் கிரிஜாவிடம், தன் முட்டிவலி போயே போய்விட்டது, செல்போனில் பதிவு செய்து நாகபுரியில் இருக்கும் அக்காவுக்கும் அனுப்பியிருக்கிறேன் என்றாள். நாகபுரியிலிருந்து லண்டனுக்கு அது எப்படிப் போனது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சொந்தக்காரர்கள் அனுப்புவது எங்கேதான் போகவில்லை?

"தமிழா? காபி சாப்பிடாம போகக் கூடாது" என்றார் பாலாம்பாள்.

காபி வந்தது. கிரிஜா நேராகக் கேட்டாள். "மாமி, இந்த ரிக்கார்டு ரொம்ப விசேஷமா இருக்கே. உங்க பையன் வாங்கிக் கொடுத்தாரா?"

"அவனா? ஆபீஸ் ஆபீஸ்னு வானவடியிலேயே கிடக்கான். நிச்சயத்துக்கப்புறம் இந்தப் பக்கம் எட்டியே பார்க்கலை. போன்ல குரலும் நன்னாயில்லை. ஏன்டான்னா ஒண்ணுமில்லைங்கறான்." பாலாம்பாள் காபியை ஆற்றினார். "இது சம்பந்தி கொடுத்தது."

ப்ரீதிக்குக் காபி சுட்டது.

"நிச்சயத்தன்னிக்கு, என்கிட்ட இன்னும் ரிக்கார்டு மெஷின் ஓடறதுன்னு பேச்சுவாக்கில சொன்னேன். சுந்தரராமன் மாமா கண்ணில தண்ணியே வந்துடுத்து. 'என்கிட்ட ஒரு பஜனை ரிக்கார்டு இருக்கு, எங்காத்துல அதைப் போட வழியில்லை, பையன் ஊசி சரியில்லைங்கறான், நீங்களாவது கேளுங்கோ'ன்னு உள்ளேபோய் எடுத்துண்டு வந்து கையில கொடுத்தார்."

பாலாம்பாள் மேஜையடியிலிருந்து அட்டை உறையை எடுத்துக் காட்டினார். அகண்ட நாம பஜனை. ஓரத்தில் பேனாவில் ஆர். சுந்தரராமன் என்று பெயர்.

"ஆனா உள்ளே பஜனை இல்லையே மாமி."

"எனக்குத் தெரியாதா? முன்பக்கம் போட்டேன். யாரோ ஜுரத்தில முனகறான். திருப்பினேன். இது வந்தது." பாலாம்பாள் குரலைத் தாழ்த்தினார். "நான் பிள்ளையோட அம்மா. நான் வாயைத் திறந்தா குறை சொல்லப் போறேன்னுதான் எல்லாரும் காத்துண்டிருப்பா. என் மாமியார் சம்பந்தி ஆத்து வெற்றிலையில நரம்பு சரியில்லைன்னு சொன்னவ. அதனால நான் ஒரு விரதமா வெச்சிருக்கேன். அந்த ஆத்துலேர்ந்து எது வந்தாலும் நன்னாயிருக்குன்னுதான் சொல்றது. ஏதோ காரணத்தோடதான் கொடுத்திருப்பார்னு தினம் கேட்டேன். நாலாம் நாள் மனசு அடங்கித்து. அஞ்சாம் நாள் எதிராத்து ஷீலா வந்து உட்கார்ந்தா. இப்போ பாய் போறலை."

"முப்பத்திமூணுலதான் போடணுமா மாமி?" என்றாள் ப்ரீதி.

பாலாம்பாள் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பெரிய தட்டு முப்பத்திமூணு, சின்னத் தட்டு நாற்பத்தஞ்சு. இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போறது."

கிரிஜா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். லோக்கல் ஒன்று போய் முடியும் வரை காத்திருந்து கோகுல்நாத்தை அழைத்தாள்.

"தட்டு கிடைச்சாச்சு."

"மாமி ஆத்துலதானே?"

"ஆமா. உங்க அப்பாவோட பஜனை உறைக்குள்ள."

அந்தப் பக்கம் அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உங்க அப்பா தன்னோட ரிக்கார்டைச் சம்பந்திக்குக் கொடுத்திருக்கார். உள்ளே உங்களுது இருந்தது. அவர் வெச்சிருக்க முடியாது. நீங்க சொல்லுங்க."

கோகுல்நாத் ரகசியம் போலச் சொன்னான். "அந்த உறையை யாரும் திருட மாட்டாங்கன்னுதான்."

"அதுக்குள்ள இருந்த பஜனை?"

"கழுவிண்டு வரேன்னு கார்ல எடுத்துண்டு போனேன். ஆபீஸ் பார்க்கிங்ல மறந்துட்டேன். போன ஏப்ரல் வெயில். அப்பளம் மாதிரி ஆயிடுத்து மேடம். வெறும் உறையை வெச்சா கனமில்லாதது தெரிஞ்சுடும். அப்பா தூக்கிப் பார்ப்பார். அதனால என் தட்டை அதுக்குள்ள வெச்சேன். எனக்கும் பத்திரம், அவருக்கும் கனம்."

"அவர் போடச் சொன்னா?"

"ஊசி சரியில்லைன்னு சொல்லிண்டிருந்தேன்."

"தட்டு உறையோட காணாமப் போனப்போ அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா, உனக்கு எதுக்குடா திடீர்னு பஜனைன்னு கேட்பாரே."

கிரிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தட்டு எங்க இருந்ததுன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"ஸ்ரீவத்சனுக்கு மட்டும். அப்பளத்தை நிமிர்த்த முடியுமான்னு அவன்கிட்டதான் காட்டினேன். அவனுக்கு மட்டும்தான் தெரியும், அதனாலதான் மேடம் அவன்னு..."

"அவருக்கு மட்டும் தெரியும். நீங்க அவரைத் திருடன்னு எல்லார் முன்னாலயும் சொன்னப்போ, 'உங்க அப்பா உறையில தேடுடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் தப்பிச்சிருப்பார். உங்க குட்டு உடைஞ்சிருக்கும். ஏன் சொல்லலை?"

கிரிஜாவே பதிலும் சொன்னாள்.

"உங்களைக் காட்டிக்கொடுக்காம திருடன் பட்டத்தை வாங்கிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுகிட்டு உட்கார்ந்திருக்கார். இதைக்கூட ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியலைன்னா சனிக்கிழமை தவறாம என்னத்தைக் கேட்டீங்க? நாளைக்கு உங்க அப்பா இங்க வர்றப்போ நீங்களும் வாங்க. அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க திறக்கணும்."

போனை வைத்தாள். பின்னால் ப்ரீதி நின்றிருந்தாள்.

"அக்கா, இதுல திருடனே இல்லையா?"

"இல்லை."

"அப்போ ஃபீஸ்?"

"பெட்ரோலாவது வாங்கலாம். கிளம்பு."

* * *

ஞாயிறு காலை பாலாம்பாளின் கூடத்தில் பாயில் இடமில்லை. விசேஷ வகுப்பு. சம்பந்தி வருகிறார் என்று தெரிந்து எல்லாரும் அவரைத் தரிசிக்க வந்திருந்தார்கள். கிரிஜாவும் ப்ரீதியும் கதவோரம் நின்றிருந்தார்கள்.

சுந்தரராமன் தகவல் சொல்லிவிட்டு உடனே திரும்பும் முகத்தோடு உள்ளே வந்தார். பின்னால் தேஜஸ்வினி. அவளுக்குப் பின்னால் இரவெல்லாம் தூங்காத கோகுல்நாத். வானவடியிலிருந்து அம்மாவின் கட்டளைப்படி வந்த ஸ்ரீவத்சன் ஜன்னலோரம் நின்றான். உயரமான, கண்ணாடி போட்ட பையன். உள்ளே நுழைந்ததும் மெஷினையும் தட்டையும் குச்சியையும் பார்த்துவிட்டான். அவன் முகம் வெளுத்தது. 

சுந்தரராமன் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னு..."

"முதல்ல நான் சொல்லிடறேன்" என்றார் பாலாம்பாள். "இவாளைப் பாருங்கோ. இத்தனை பேரும் உங்களுக்கு நமஸ்காரம் சொல்லணும்னு வந்திருக்கா. முட்டிவலி போனவா, தூக்கம் வந்தவா. எல்லாம் நீங்க கொடுத்த ரிக்கார்டு. நீங்க பெரிய சாதகர்னு எனக்கு முன்னாடியே தெரியாம போயிடுத்து."

ஊசியை வைத்தார். அண்டா உருண்டது.

சுந்தரராமன் கேட்டார். இது தன் பஜனை இல்லை என்று முதல் அடியிலேயே தெரிந்திருக்கும். அவர் வாய் திறந்தது. எதிரே அத்தனை பெண்கள் கைகூப்பி அமர்ந்திருந்தார்கள். டிஃபன்ஸ் அக்கவுன்ட்ஸில் பல வருடம் வேலை பார்த்தும் அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வாய் மெல்ல மூடியது.

"ஆமாம்" என்றார். "இது கொஞ்சம் விசேஷமானதுதான்."

பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார். தணிந்த குரலில் கேட்டார். "கோகுல், இது என்னுதுதானே?"

கோகுல்நாத்தைத் தவிர அறையில் நான்கு பேருக்கு உண்மை தெரியும். ஸ்ரீவத்சன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தேஜஸ்வினி அண்ணனைப் பார்த்தாள். கிரிஜா ப்ரீதியின் மணிக்கட்டைப் பிடித்து, வாய்க்குப் பூட்டுப் போட்டாள்.

'என்னுது' என்று கோகுல்நாத் சொன்னால் தட்டு திரும்பிவிடும். கூடவே அப்பளமும் வெளியே வரும். இத்தனை பேர் முன்னால் அப்பாவின் மானமும் போகும்.

"உங்களுதுதாம்பா" என்றான்.

"அப்போ உன்னுது?"

"ஆத்துலேயேதான் இருக்கு. நான்தான் சரியா தேடலை." அவன் கூடத்தைக் கடந்து ஜன்னலோரம் போனான். "ஸ்ரீவத்சா, நான் சொன்னது அத்தனையும் தப்பு. மன்னிச்சுக்கோடா."

ஸ்ரீவத்சன் அவனைப் பார்க்காமல் தலையை ஆட்டினான்.

"பொரி?" என்றார் சுந்தரராமன்.

"நான்தான் இடுவேன்."

சுந்தரராமன் சொல்ல வந்த விஷயத்தை விழுங்கிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தேஜஸ்வினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே காபி போடப் போனாள். கோகுல்நாத் தட்டை விட்டுக்கொடுத்தது தங்கைக்காகவா, அப்பாவுக்காகவா, அப்பளத்துக்கு பயந்தா என்று ப்ரீதி காதருகே கேட்டாள். அதை விசாரிக்க யாரும் நம்மை அமர்த்தவில்லை என்றாள் கிரிஜா.

ஊசி கடைசிக் கோட்டுக்கு வந்து சரசரத்தது. பாலாம்பாள் ஊசியைத் தூக்கினார்.

"பேச்சுச் சத்தத்தில யாரும் சரியா கேக்கலை. இன்னொரு தரம் போடட்டுமா?"

கோகுல்நாத்தின் கை தானாகவே வேகக் குச்சியை நோக்கி நீண்டது. ஸ்ரீவத்சன் அதை நடுவழியில் பிடித்து, நண்பனை மெதுவாகப் பாயில் உட்கார வைத்து, அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தான்.

"போடும்மா" என்றான். "இவன் முதல்லேர்ந்து கேக்கட்டும். நிதானமா."

பேஸ் உருண்டது. ட்ரம்பெட் கொட்டாவி விட்டது. கோகுல்நாத் பல்லைக் கடித்துக் கண்ணை இறுக மூடினான். ஓரங்களில் நீர் திரண்டு வழிந்தது.

ஷீலா பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்துக் காட்டினாள். முதல் நாளிலேயே இவ்வளவு தூரம் போனவர்களை நம் வகுப்பில் யாரும் பார்த்ததில்லை என்றாள்.